வியர்க்காமல் நடப்பது: ஹெத்தா முதல் பல்லாஸ் வரை

மார்ச் 17, ஹெத்தா

ஹெல்சிங்கியில் நேற்று மாலை ஏறிய இரவு ரயில் இன்று முற்பகலில் கோலாரியில் வந்து நின்றது. பின்லாந்தில் பயணிகள் ரயில் செல்லும் வடகோடி நிலையம் அது. விடியற்காலையில் ஓவுலுவில் என் தங்கை ஏறிக்கொண்டாள். அவள் அந்த ஊரில் வேலைக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பயணத்தைத் திட்டமிட்டதும் என்னை இழுத்து வந்ததும் அவள்தான். நிலைய வாசலில் காத்திருந்த வேன் எங்களையும் இன்னும் நால்வரையும் ஏற்றிக்கொண்டு, பனி மூடிய ஊசியிலைக் காட்டின் ஊடே முவோனியோ வழியாக வடக்கே இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஓடி, ஹெத்தா என்னும் சிற்றூரில் இறக்கிவிட்டது. எனொன்டெக்கியோ நகராட்சியின் மையமான இந்த ஊர் ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே, 68 பாகைக்கும் மேலே இருக்கிறது. வடபுலத்தின் பழங்குடிகளான சாமி மக்களின் தாயகப் பகுதி இது என்பதால், பெயர்ப் பலகைகளில் பின்னிய மொழியோடு வட சாமி மொழியும் இருக்கிறது.

நாளை முதல் நான்கு நாள்களுக்கு, இங்கிருந்து தெற்கே பல்லாஸ் வரை சுமார் 55 கிலோமீட்டர் நடக்கப் போகிறோம். 1934இல் குறியிடப்பட்ட இந்தத் தடமே பின்லாந்தின் மிகப் பழைய நடைப்பாதை என்கிறார்கள். அது செல்லும் மலைத்தொடர் 1938இல் தேசியப் பூங்கா ஆனது. பின்னர் 2005இல் அண்டை நிலங்களையும் சேர்த்து, பல்லாஸ்-யுல்லாஸ்துந்துரி என்ற பெயரில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பூங்காவாக விரிந்தது. துந்துரி என்பது உச்சியில் மரமில்லாத, முதுகு வளைந்த வடபுலக் குன்று. இமயமலையைப் பார்த்த கண்ணுக்கு இவை மேடுகள்தாம். 700, 800 மீட்டரைத் தாண்டுபவை குறைவு. ஆனால் இந்த அகலாங்கில் மரம் நின்றுபோக அந்த உயரமே போதும். மரம் நின்றுவிட்டால் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை.

வழிகாட்டி நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி, முவோனியோ பக்கத்துக்காரர். சந்தித்ததும் அவர் செய்த முதல் வேலை எங்கள் பைகளைத் தரையில் கொட்டச் சொன்னது. அதிலிருந்து என்னுடைய மூன்று பருத்தி பனியன்களையும் ஒரு ஜீன்ஸையும் இரு விரல்களால் எடுத்துத் தனியே வைத்தார். "இவை வேனில் பல்லாசுக்கு வந்து சேரும். உங்களோடு வரவேண்டாம்" என்றார். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விடாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போய்விடும் என்பதால், இங்கே குளிருக்குப் பயப்படுவதற்கு முன் ஈரத்துக்குப் பயப்பட வேண்டும் என்று விளக்கினார். இந்த நான்கு நாள்களில் அவர் எங்களிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: வியர்க்கக் கூடாது. சென்னையில் பிறந்து நாற்பத்தைந்து வயது வரை தினமும் வியர்த்தே வாழ்ந்தவனிடம் சொல்லத் தகுந்த நிபந்தனைதான்!

மார்ச் 18, சியோஸ்குரு

காலை மைனஸ் 17. ஊருக்குத் தெற்கே கிடக்கும் ஓவ்னஸ்யார்வி ஏரியைக் கோடையில் படகில் கடக்க வேண்டும். இப்போது அது ஒரு வெள்ளைத் திடல். கரையில் நின்று ஸ்நோஷூக்களைக் கட்டிக்கொண்டோம். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஸ்நோஷூ என்பது காலணியின் கீழே கட்டிக்கொள்ளும் அகன்ற தட்டு. உடல் எடையைப் பரப்பிவிடுவதால் கால் புதையாது. வட அமெரிக்கப் பழங்குடிகள் மரச்சட்டத்தில் தோல்வாரைப் பின்னிச் செய்த கருவி, இன்று பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் கிடைக்கிறது. முன்பாதத்தின் கீழே இரும்புப் பற்கள். ஏறும்போது குதிகாலைத் தாங்க ஒரு கம்பி. பின்னியர்களுக்கு இது மரபல்ல. ஐயாயிரம் ஆண்டுப் பழமையான பனிச்சறுக்குக் கட்டை சதுப்பு நிலத்தில் கிடைத்த நாடு இது. இங்கே சறுக்கத் தெரியாதவர்தாம் நடப்பார்கள் என்று தங்கை ரயிலிலேயே சொல்லிவிட்டாள். அதனால் ஒரு மரியாதையும் உண்டு. சறுக்குவோரின் தடத்தை மிதித்துக் கெடுக்காமல் ஓரமாகத் தனித் தடம் போட்டுத்தான் ஸ்நோஷூக்காரர்கள் நடக்க வேண்டும்.

ஆறு பேருக்கும் வழிகாட்டிக்குமாக மூன்று அஹ்கியோக்கள். அஹ்கியோ என்பது படகு வடிவத்தில் இருக்கும் இழுவைச் சறுக்குத் தொட்டி. இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு இழுக்க வேண்டும். முதல் முறை என்னுடையது.

கிளம்பும்போது எல்லோரையும் மேல்கோட்டைக் கழற்றி மூட்டையில் வைக்கச் சொன்னார் வழிகாட்டி. மைனஸ் 17 பாகையில் மெல்லிய கம்பளிச் சட்டையும் காற்றுத்தடுப்புச் சட்டையும் மட்டும்! பல் கிட்டியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்றார்; ஏழாவது நிமிடத்திலேயே சரியாகிவிட்டது. குளிர்கிறது என்னும் நிலையில் கிளம்புவதே சரியான தொடக்கம் என்றும், கிளம்பும்போதே கதகதப்பாக இருப்பவர் அரை மணியில் நனைந்துவிடுவார் என்றும் விளக்கினார். எனக்கு விளங்கியது, உடம்புக்கு விளங்கவில்லை.

ஏரியைத் தாண்டியதும் காடு. பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச் மரங்களின் இடையே மேடேறும் தடத்தில் வழிகாட்டியின் நடை என்னைப் பொறுமை இழக்கச் செய்தது. மணிக்கு இரண்டரை கிலோமீட்டர்கூட இருக்காது. கோயில் பிராகாரத்தில் பாட்டிமார் நடக்கும் வேகம். நெதர்லாந்துத் தம்பதியர் அவர் பின்னால் அமைதியாக நடந்தார்கள். ஓய்வுபெற்ற பின்னியப் பொறியாளர் ஒருவரும் ஜெர்மானியச் செவிலியர் ஒருவரும் அவர்களுக்குப் பின்னால். கடைசியில் வந்த நான், இழுவைத் தொட்டியோடு இடைவெளி விட்டுப் பின்தங்குவதும் பிறகு வேகமாக நடந்து எட்டிப் பிடிப்பதுமாக வந்துகொண்டிருந்தேன். அந்த எட்டிப் பிடித்தல்தான் வினையாயிற்று.

காடு குறுகி, முழங்கால் வளைந்த குள்ள பிர்ச்சுகளாகி, அவையும் நின்றுபோன இடத்தில் 711 மீட்டர் உயரமுள்ள பியூஹாகெரோவின் தோள் தொடங்கியது. பியூஹா என்றால் புனிதம். கெரோ என்றால் உருண்டை உச்சி. மேலே காற்று வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வந்தது. வெப்பநிலை மைனஸ் 10-க்கு ஏறியிருந்தாலும், அந்தக் காற்றில் வெற்றுத் தோலுக்கு அது மைனஸ் 20-க்கு நிகர். முதுகில் வழிந்திருந்த வியர்வை இரண்டே நிமிடத்தில் பனிக்கட்டிப் பலகைபோல் ஒட்டிக்கொண்டது. சட்டையின் முதுகுப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்த தங்கை, "உள்சட்டையை மாற்றுங்கள் அண்ணா, இப்போதே!" என்றாள். அவள் அண்ணனை அதட்டுவது இது முதல்முறை அல்ல. ஆனால் அந்தக் குரலில் கேலி இல்லை. வழிகாட்டி அஹ்கியோவைச் சாய்த்து மறைப்பாக்கினார். பெரிய கோட்டை எல்லோரும் பிடித்துக்கொள்ள, நான் அந்த வெட்டவெளியில் இடுப்புக்கு மேல் துணியின்றி நின்று சட்டை மாற்றினேன். பத்து வினாடி இருக்கும். என் வாழ்க்கையில் அதைவிட நீண்ட பத்து வினாடி நினைவில்லை. விரல்கள் பொத்தான் போடாததால் செவிலியர் போட்டுவிட்டார்.

வழிகாட்டி கடிந்துகொள்ளவில்லை. எனக்கும் அஹ்கியோவுக்கும் வரிசையில் முதலிடம் கொடுத்து, "இனி உங்கள் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்" என்றார். கடைசியில் இருப்பவன் எட்டிப் பிடிக்க ஓடுவான், முதலில் இருப்பவன் ஓடமாட்டான் என்பது அவருடைய கணக்கு. சியோஸ்குருவுக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஐந்தாகியிருந்தது. நடந்தது சுமார் 14 கிலோமீட்டர்.

குடிலைப் பற்றி நாளை எழுதுகிறேன். கை இன்னும் முழுதாகச் சூடாகவில்லை.

மார்ச் 19, ஹன்னுகுரு

நேற்று விட்டதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடத்தில் இருவகைக் குடில்கள் இருக்கின்றன. இரண்டையும் அரசின் வன நிறுவனமான மெட்சாஹல்லிதுஸ் பராமரிக்கிறது. முதல் வகையில் பூட்டில்லை, கட்டணமில்லை. யார் வேண்டுமானாலும் ஓர் இரவு தங்கலாம். அங்கே எழுதா விதி ஒன்று உண்டு. முன்னால் வந்து இளைப்பாறியவர் இடம் விட வேண்டும். கடைசியாக, களைத்து வருபவருக்கே முதல் உரிமை. பேருந்தில் கைக்குட்டை போட்டு இடம்பிடித்து வளர்ந்த எனக்கு, இந்தத் தலைகீழ் நியாயத்தைக் கேட்டதும் பிடித்துப்போனது. இரண்டாவது வகையைப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். எங்களைப்போல் கட்டணம் வாங்கி அழைத்துச் செல்லப்படும் குழுக்கள் இவற்றில்தான் தங்குகின்றன.

குடிலில் மாலை முழுவதும் நடப்பது சமையல் அல்ல, உலர்த்தல். இரும்பு அடுப்பில் பிர்ச் விறகு எரிய, அதன் மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிறுகளில் கையுறை, காலுறை, தொப்பி, காலணியின் உள்ளே இருக்கும் கம்பளி உறை எல்லாம் தொங்குகின்றன. இந்தக் காலணிகளின் உள்ளுறை தனியே கழன்று வரும். ஒவ்வோர் இரவும் அதை உருவி உலர்த்தாவிட்டால், பாதத்தின் வியர்வை உள்ளேயே உறைந்து மறுநாள் காலணி மரக்கட்டையாகிவிடும். என் உள்ளுறை காலையிலும் சற்று ஈரமாகவே இருந்தது. வழிகாட்டி தன் பையிலிருந்து இரண்டு ரொட்டிப் பைகளை, சாதாரண பிளாஸ்டிக் பைகளைத்தான், எடுத்து நீட்டினார். மெல்லிய காலுறை, அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் தடித்த கம்பளிக் காலுறை. பாதத்தின் ஈரம் மெல்லிய காலுறையோடு நின்றுவிடும், காலணிக்குப் போகாது. கடையில் வாங்கிய இத்தனை உயர்தரத் துணிகளுக்கு நடுவே, இன்று முழுவதும் என்னைக் காப்பாற்றியது அந்த ரொட்டிப் பைதான்.

தண்ணீர்க் குடுவையைத் தலைகீழாகப் பையில் வைக்கவும் இங்கேதான் கற்றேன். உறைதல் மேல்மட்டத்தில் தொடங்குவதால், தலைகீழாக இருந்தால் மூடிப்பக்கம் அடைபடாது. பனியை உருக்கும்போது பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடிபிடித்த வாடை வரும். பனிக்கு அடிபிடிக்கும் என்று யார் நினைப்பார்கள்?

இன்று வானம் கண்ணாடிபோல் இருந்தது. நாளை சமஇரவு நாள் என்பதால் இங்கும் சென்னையிலும் பகலின் நீளம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அங்கே நடுப்பகலில் தலைக்கு மேல் நிற்கும் சூரியன், இங்கே அடிவானத்திலிருந்து 22 பாகைகூட ஏறுவதில்லை. அதனால் நாள் முழுவதும் மாலை நேரத்து நிழல்தான். பனியில் காற்று செதுக்கிய ஒவ்வொரு வரியும் நிழலோடு தெரிகிறது. உச்சிக்குக் கீழே நிற்கும் ஸ்ப்ரூஸ் மரங்கள் உறைபனியும் வெண்பனியும் படிந்து படிந்து, மரமென்றே தெரியாத வெள்ளைத் தூண்களாகிவிட்டன. இந்தச் சுமைக்குப் பின்னிய மொழியில் 'துக்கு' என்று தனிப்பெயர்.

பனியின் பெயர்களைப் பற்றித் தங்கையும் பொறியாளரும் பகல் முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார்கள். நமக்குப் பனி என்றால் மார்கழிப் புல்லின் நுனித்துளியும் அதுதான், மூடுபனியும் அதுதான், இங்கே காலடியில் கிடப்பதும் அதுதான். இவர்களுக்கு இப்போதுதான் விழுந்த பொடி 'விதி'. தரையில் இறுகிப் படுத்திருப்பது 'ஹங்கி'. உருட்டினால் உருண்டையாகும் ஈரப்பனி 'நுவோஸ்கா'. மழையோடு கலந்து விழுவது 'ரான்தா'. கேட்டுக்கொண்டே வந்ததில் எனக்குத் தோன்றியது, இவற்றில் பல, எவ்வளவு ஈரம் என்ற கேள்விக்கான பதில்கள்.

தப்பூரி குடிலில் மதியம் சூப்பு குடித்துவிட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்தில் கலைமான்களைக் கண்டோம். பதினைந்து இருக்கும். முன்கால் குளம்பால் பனியைத் தோண்டித் தலையைக் குழிக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. அவை நகர்ந்தபோது கணுக்காலின் தசைநாண் உரசி எழும் மெல்லிய 'டிக் டிக்' ஒலி அந்த அமைதியில் தெளிவாகக் கேட்டது. காட்டு விலங்குகள் என்று நெதர்லாந்துக்காரர் படமெடுக்க, வழிகாட்டி திருத்தினார். இந்த நாட்டின் வடக்கே சுற்றித் திரியும் ஒவ்வொரு கலைமானுக்கும் உரிமையாளர் உண்டு. குட்டியிலேயே காதில் வெட்டும் அடையாளமே பத்திரம். குளிர்காலத்தில் நாடு முழுக்க 2,03,700-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். அண்டை நாடுகளான நார்வேயிலும் ஸ்வீடனிலும் மான் மேய்க்கும் உரிமை பெரும்பாலும் சாமி மக்களுக்கே; இங்கே அப்படியல்ல.

குழியில் என்ன தின்கின்றன என்று கேட்டேன். அரை மீட்டர்ப் பனிக்குக் கீழே கிடக்கும் கற்பாசியை. உலர்ந்த பனி எத்தனை ஆழமாக இருந்தாலும் அவற்றால் தோண்டிவிட முடியும், மோப்பமும் பிடிக்கும். ஆனால் நடுக்குளிர்காலத்தில் ஒரு நாள் வெப்பம் ஏறி மழை பெய்து மறுநாள் உறைந்தால், பாசிக்கு மேலே பனிக்கட்டிப் பூட்டு விழுந்துவிடும். குளம்பு வழுக்கும், கற்பாசி அடியிலேயே இருக்க, மான் மேலே நின்று பட்டினி கிடக்கும். தன் மாமா வீட்டில் முன்பெல்லாம் வசந்தத்துக்கு முன் சில நாள் மட்டும் தீவனம் போடுவார்கள் என்றும், இப்போது சில ஆண்டுகளில் மாதக்கணக்கில் விலைக்கு வாங்கிப் போடுகிறார்கள் என்றும் சொன்னார். "எங்களைப்போல்தான் அவையும். குளிரைத் தாங்கும், ஈரத்தைத் தாங்காது" என்று சொல்லி நடையைத் தொடர்ந்தார்.

பஹகுருவுக்கு முன்னால் என் காலடியில், ஒன்றுமில்லாத வெறும் பனி வெடித்ததுபோல் ஒரு வெள்ளைப் பறவை படபடத்துப் பறந்தது. உள்ளே ஒரு கைப்பிடி அளவு குழி. ரியெக்கோ என்னும் பனிக்கௌதாரி, பொடிப்பனிக்குள் புகுந்து படுத்துக்கொள்ளும். பனிக்குள் சிறைபட்ட காற்றே அதற்குப் போர்வை. விரல் நுனி வரை இறகு மூடிய அதன் பாதமும் ஒரு ஸ்நோஷூதான்.

குரு என்றால் பள்ளத்தாக்கு. ஹன்னுகுரு, பஹகுரு, சியோஸ்குரு என்று வரிசையாகக் குருமார்களைத் தரிசித்து வருகிறோம் என்று தங்கையிடம் சொன்னேன். நாளை இரவு தங்குமிடத்தின் பெயரைக் கேட்டதும் இருவரும் நடுக்காட்டில் நின்று சிரித்தோம்: நம்மலகுரு.

ஹன்னுகுருவில் ஏரிக்கரையில் ஒரு சவுனா இருக்கிறது. மூன்று நாளாக ஈரத்துக்கு அஞ்சி வாழ்ந்தவர்களை எண்பது பாகைச் சூட்டில் உட்காரவைத்து, கல்லில் தண்ணீர் வீசி, வேண்டிய மட்டும் வியர்க்கச் சொல்கிறார்கள்! அந்த நீராவிக்கு 'லோய்லு' என்று பெயர். ஆண்கள் முறை முடிந்து, உடலில் ஆவி பறக்க வெளியே வந்து மைனஸ் 22-இல் நின்றபோது சற்றும் குளிரவில்லை. ஒரு நிமிடம் நின்றிருப்போம். பொறியாளர் பேசாமல் வடக்கே கை நீட்டினார்.

முதலில் மேகக்கீற்று என்றே நினைத்தேன். பிறகு அது பச்சையாகி, ஏரிக்கு மேலே ஒரு கோடாக இறுகி, கீழ்விளிம்பிலிருந்து திரைச்சீலையை யாரோ ஓரமாக உதறுவதுபோல் அலைந்தது. சூரியனிலிருந்து வரும் துகள்கள் புவியின் காந்தப்புலத்தின் வழியே மேல்வளிமண்டலத்தில் பாய்ந்து, நூறு கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் அணுக்களை மோதி எழுப்பும் ஒளி அது. இன்னும் உயரே அதே ஆக்சிஜன் சிவப்பாக ஒளிரும். சமஇரவை ஒட்டிய வாரங்களில் இது கூடுதலாகத் தோன்றும். பின்னியர்கள் இதை நரித்தீ என்று அழைக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்திருந்தும், ஒலியே இல்லாமல் இத்தனை பெரிய ஒன்று நகர்வதை மனம் நம்ப மறுத்தது. உள்ளே ஓடிப்போய் உடுத்திக்கொண்டு, தங்கையையும் அழைத்து வந்து, கழுத்து வலிக்கும் வரை பார்த்தோம். செல்பேசி எடுத்த மூன்றாவது படத்தோடு மின்கலம் குளிரில் செத்துவிட்டது. நல்லதுதான்.

மார்ச் 20, நம்மலகுரு

காலையில் மைனஸ் 18. மேற்கே வானம் பால்போல் வெளுத்திருந்தது. வழிகாட்டி ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளப்பினார். மேற்கிலிருந்து வெப்பக்காற்று வருகிறது, அதன் முன்முனையில் காற்றும் பனிப்பொழிவும் இருக்கும் என்பது நேற்றே தெரிந்திருந்தது.

பதினோரு மணிக்கு மேல் உலகம் இல்லாமல் போயிற்று. வேறெப்படிச் சொல்வது? வானமும் தரையும் ஒரே வெண்மை, நிழல் இல்லை, மேடு எது பள்ளம் எது என்பது கால் வைத்தபின்தான் தெரிகிறது. முன்னால் செல்பவர் அந்தரத்தில் நடப்பதுபோல் இருக்கிறார். இரண்டு முறை, நின்றுகொண்டிருக்கும்போதே நகர்கிறோம் என்ற மயக்கத்தில் தடுமாறி உட்கார்ந்துவிட்டேன். தடத்தில் சிறு இடைவெளிவிட்டு நடப்பட்டிருக்கும் மரக்கழிகள்தாம் வழி. ஒரு கழியடியில் எல்லோரும் நிற்போம். வழிகாட்டி முன்னே போய் அடுத்த கழியைத் தொட்டுக் குரல் கொடுப்பார். பிறகு நாங்கள் போவோம். பள்ளத்தாக்கின் விளிம்பில் காற்று குவித்துத் தொங்கவிட்டிருக்கும் பனி உடைந்து சரியக்கூடும் என்பதால், குறுக்கு வழி இருந்த இரண்டு இடங்களில் அவர் சுற்றியே அழைத்துச் சென்றார்.

முதல் நாள் எரிச்சலூட்டிய அந்த ஆமை நடை இன்றுதான் எனக்குப் புரிந்தது. காற்று முகத்தில் அறையும்போது நின்று சட்டை மாற்ற முடியாது. வியர்த்துவிட்டால் வியர்த்ததுதான். நான் ஒரு துளி வியர்க்கவில்லை. இதைச் சாதனையாகவே குறித்து வைக்கிறேன்.

மலைமுதுகின் நடுவே தனியாக நிற்கும் மொந்தெல்லி குடில் பத்தடி தொலைவில் வந்த பிறகே கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே சறுக்கி வந்த மூன்று பின்னியர்கள் இருந்தார்கள். எங்களைக் கண்டதும் பேச்சில்லாமல் எழுந்து, அடுப்பருகே இருந்த பலகையை விட்டுக்கொடுத்தார்கள். எழுதா விதி கண்ணெதிரே நடந்தது. நான் கொண்டுபோயிருந்த ரசப்பொடியைக் கொதிநீரில் போட்டு, கல்லாக உறைந்திருந்த நெய்யைக் கத்தியால் சீவிப் போட்டு எல்லோருக்கும் ஊற்றினோம். மூவரில் மூத்தவர் குவளையை முகர்ந்து, ஒரு வாய் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் நீட்டினார். புறப்படும்போது எரித்த அளவு விறகை உள்ளே கொண்டுவந்து அடுக்கினோம். அடுப்பின் முன்னே காய்ந்த சிராய்களையும் சீவி வைத்தார் வழிகாட்டி. அடுத்து வருபவரின் விரல்கள் கத்தி பிடிக்கும் நிலையில் இருக்குமோ இருக்காதோ என்றார்.

நம்மலகுருவை அடைந்தபோது பனி நின்றுவிட்டது. வெப்பமானியில் மைனஸ் 4.

மார்ச் 21, பல்லாஸ்

இரவில் கூரையிலிருந்து சொட்டும் ஒலி கேட்டு விழித்தேன். காலையில் பூஜ்யம். விழுந்துகொண்டிருந்தது பனியா தூறலா என்று சொல்ல முடியவில்லை. தோளில் விழும்போது வெள்ளை, மறுகணம் ஈரம்.

இந்தப் பதிமூன்று கிலோமீட்டரே நான்கு நாளிலும் கடினமானது. பள்ளத்தாக்கிலிருந்து வெளியேறும் செங்குத்தான ஏற்றத்தில் ஸ்நோஷூவின் அடியில் நுவோஸ்கா அப்பிக்கொண்டு, காலுக்கு ஒரு செங்கல் கட்டியதுபோல் கனத்தது. பத்தடிக்கு ஒரு முறை நின்று கழியால் தட்டினோம். மேல்சட்டை வெளியிலிருந்து நனைந்தது, உள்சட்டை உள்ளிருந்து. கையுறையைப் பிழிந்தால் தண்ணீர் வந்தது. செவிலியருக்கு உதடு நீலம் பூக்கவே, நடுவழியில் காற்றுக்கு மறைவாகச் சிறு கூடாரத்துணியை விரித்து, உலர்ந்த சட்டையும் சூடான சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்து அரை மணி உட்காரவைத்தார் வழிகாட்டி. மைனஸ் 22-இல் வெற்றுடம்போடு சிரித்துக்கொண்டு நின்றவன் நான். பூஜ்யத்தில் பல் தந்தியடிக்க நடந்தேன். இதற்கு முன் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் மிகை என்றிருப்பேன்.

807 மீட்டர் தைவஸ்கெரோ இந்தத் தொடரின் மிக உயர்ந்த உச்சி. பெயருக்கு வான்முடி என்று பொருள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின்போது, அதன் மேலே நள்ளிரவுச் சூரியனின் கதிரிலிருந்து ஒரு சுடரை ஏற்றி, கிரேக்கத்திலிருந்து வந்த சுடரோடு சேர்த்தார்கள். எங்களுக்கு உச்சி தெரியவில்லை. மேகம் பாதி மலையைத் தின்றிருந்தது.

மூன்று மணிக்கு ஓட்டலின் விளக்குகள் தெரிந்தன. 1938இல் முதலில் கட்டியதை 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் வெடிவைத்துத் தகர்த்தன. அந்தப் போரில் ஹெத்தா உட்பட லாப்லாந்தின் பெரும்பகுதி எரிந்தது. இப்போது நிற்பது 1948இல் எழுந்தது. செவிலியர் தன் நாட்டார் பெயரைக் கேட்டதும் சற்று நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வழிகாட்டியிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். கீழ்த்தளத்தில் உலர்த்தும் அறை ஒன்று இருக்கிறது. எங்கள் ஏழு பேரின் துணிகளும் அங்கே தொங்க, வேனில் வந்திருந்த என் பருத்தி பனியனை மடிப்புக் கலையாமல் எடுத்து அணிந்துகொண்டேன்.

மாலையில் கோலாரி ரயிலுக்கு வேன் புறப்பட்டபோது தூறல் மழையாகவே மாறியிருந்தது. வழிகாட்டிதான் ஓட்டினார். கண்ணாடித் துடைப்பான்கள் இடைவிடாமல் ஓடின. முவோனியோவைத் தாண்டியதும் விளக்கொளியில் சாலையோரம் நான்கைந்து மான்கள், வண்டிக்கு அசையாமல், நனைந்த முதுகோடு நின்றன. அவர் வேகத்தைக் குறைத்தார். வெளிவெப்பம் காட்டும் எண்ணை ஒரு முறை பார்த்தார், பிளஸ் 2.

"இன்றிரவு எவ்வளவுக்கு இறங்கும்?" என்று கேட்டாள் தங்கை.

"மைனஸ் 15 என்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு, மான்கள் சாலையைக் கடக்கும் வரை விளக்கைத் தாழ்த்திக் காத்திருந்தார்.